சிவப்புப் பூ வந்த பால்வாடி

எண்பதுகளின் கடைசியில் எனக்கு வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று வீட்டில் விளக்கிச் சொல்ல முடியவில்லை. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்த தாம்பரத்துப் பெண் பேங்கில் சேருவாள், இல்லையென்றால் காலேஜில் பாடம் எடுப்பாள். நானோ நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு எண்ணத் தெரிகிறதா என்று பார்க்கப் போவதாகச் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தெரியலைன்னா?" என்று கேட்டார். "தெரியலைன்னு எழுதுவோம்" என்றேன். அவர் மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

எங்கள் டைரக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியவர். நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. அதில் கதையும் கிடையாது, பாடமும் கிடையாது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெறும் எண்கள். எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாத எண்கள். அந்தப் புத்தகத்தை அவர் எடுத்துப் புரட்டும் பக்தியைப் பார்த்தால், நாமும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாமா என்று தோன்றும்.

ஆராய்ச்சி இதுதான். எண் விளையாட்டுப் பெட்டி என்று ஒன்று தயாரித்திருந்தார்கள். மரமணி, எண் அட்டை, அடுக்கும் கட்டைகள், கூடவே சில பாட்டுகள். அதை வைத்து விளையாடினால் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு வருகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத் தாம்பரத்தைச் சுற்றி எட்டுப் பால்வாடிகளை எடுத்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறவற்றை ஜோடி சேர்த்தோம். ஜோடியில் ஒன்றுக்குப் பெட்டி உண்டு, மற்றதற்குக் கிடையாது. வருஷத் தொடக்கத்திலும் கடைசியிலும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே பரீட்சை. கொடுக்காத பால்வாடி எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். பெட்டி இல்லாவிட்டாலும் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு வயது வளர்கிறார்கள். வளர்ந்தால் தானாகவே கொஞ்சம் கூடுதலாக எண்ணுவார்கள். அந்தப் பெயரையும் சேர்த்துப் பெட்டி தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது அல்லவா? அதற்குத்தான் சும்மா இருக்கிற ஒரு பால்வாடி தேவைப்பட்டது.

பரீட்சையைத் தயார் செய்ததே பெரிய கூத்து. பிள்ளைக்கு எதிரே ஐந்து பொத்தான்களை நெருக்கி வைத்து "எத்தனை?" என்று கேட்க வேண்டும். பிறகு அதே ஐந்தை விரித்து வைத்து "இப்போ எத்தனை?" என்று கேட்க வேண்டும். விரித்தாலும் ஐந்து ஐந்துதான் என்று பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்ப்பது நோக்கம். பீர்க்கன்கரணையில் ஒத்திகை பார்த்தபோது ஒரு பெண் குழந்தை முதலில் "அஞ்சு" என்றது. இரண்டாம் முறை கேட்டதும் என் முகத்தைப் பார்த்தது. இந்த அம்மா மறுபடி கேட்கிறாளே, அஞ்சு தப்பு போலிருக்கிறது என்று முடிவு கட்டி "ஆறு" என்றது. நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். உடனே "ஏழு" என்று விலையை ஏற்றியது.

பொத்தானை வாயில் போட்டுக்கொள்கிறார்களே என்று அதற்குப் பதில் வேர்க்கடலை வைத்துப் பார்த்தோம். கேள்வி முடிவதற்குள் விடை பூஜ்யமாகிவிட்டது. அரிசிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணியது. கடையில் படியால் அளக்கும்போது முதல் படிக்கு ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வார்கள், அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. எங்கள் விடைத்தாளிலோ ஒன்றிலிருந்து எண்ணத் தெரியவில்லை என்று குறிக்கத்தான் இடம் இருந்தது. டைரக்டரோடு சண்டை போட்டு அந்தப் பிள்ளைக்கு மார்க் வாங்கிக் கொடுத்தேன். நடுவில் விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்தால் போதும், பிள்ளைகள் எல்லாம் வாசலில் இருப்பார்கள், நான் மட்டும் பொத்தான்களோடு உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கூத்தெல்லாம் முடிந்து, எந்தப் பால்வாடிக்குப் பெட்டி என்று முடிவு செய்யும் நாள் வந்தது. முடிச்சூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு ஜோடி இருந்தது. ஒன்று அம்மன் கோயிலை ஒட்டிய பால்வாடி. இன்னொன்று ஏரிக்கரையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. இரண்டையும் நடத்தியது ஒரே சேவைச் சங்கம். நடுவில் இருந்த வயலில் அப்போதே கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். பிரித்தவர் கோயில் தர்மகர்த்தா. அதுவரை நெல் போட்டவர், இப்போது மனை போட்டு விற்கிறார். அந்தப் பக்கத்தில் அவர் சரி என்று தலையாட்டாமல் எதுவும் நடக்காது என்பதால் அவரை வைத்துக்கொண்டு பேசினோம். இதில் வருகிற எண்ணைப் பார்த்துத்தான் எந்தப் பால்வாடிக்குப் பெட்டி என்று முடிவு செய்வோம் என்று டைரக்டர் தம் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

"இந்த நம்பரெல்லாம் யார் சார் போட்டது?" என்று தர்மகர்த்தா கேட்டார்.

"யாரும் போடலை. மெஷின் போட்டது."

"மெஷினுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. அதுதான் இதுல விசேஷம்."

"யாருமே சொல்லாத நம்பர வெச்சிகினு எங்க புள்ளைங்களுக்கு நாயம் பண்ணுவீங்களா?" என்றார் அவர். மனை வியாபாரம் செய்கிற ஒருவரிடம், யார் கையும் படாத நம்பர் என்று உலகத்தில் ஒன்று இருப்பதாகச் சொல்லி நம்ப வைக்க முடியாது. டைரக்டர் மேலும் விளக்க வாயெடுத்தார். தர்மகர்த்தா கையை உயர்த்தி நிறுத்தினார். "அம்மன்கிட்ட பூ போட்டுப் பாத்துடலாம் சார். அப்பறம் ஊர்ல ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

பூப் போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் சுற்றி, நூல் கட்டி, சாமி காலடியில் வைத்துவிட்டுக் கேள்வியைக் கேட்பார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கோயிலில் வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். நான் டைரக்டரைத் தனியே அழைத்துப்போய், சார், இதுவும் உங்கள் புத்தகமும் ஒன்றுதான், பாதிக்குப் பாதி வாய்ப்பு, இதற்கு அச்சுக்கூலி மட்டும் இல்லை என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பொட்டலம் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றும், தர்மகர்த்தா அவற்றைத் தொடக் கூடாது என்றும் நிபந்தனை போட்டார்.

"சாருக்கு அம்மன் மேல நம்பிக்கை இல்லியா?" என்று தர்மகர்த்தா என்னைக் கேட்டார்.

அம்மன் மேல் இருக்கிறது, உங்கள் மேல்தான் இல்லை என்பது டைரக்டரின் பதில். நான் அதை, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்னு சொல்றார்" என்று மாற்றிச் சொன்னேன். ஆராய்ச்சியில் இதுவும் ஒரு வேலை.

ஏரிக்கரைப் பால்வாடி டீச்சருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அதே ஊர்க் கிறிஸ்தவக் குடும்பம். அவர் அதட்டினால் ஏரியின் அடுத்த கரையில் மாடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். கோயிலில் வைத்துப் பூப் பார்ப்பதில் உங்களுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். "எங்க சபையிலயும் ஆள் எடுக்கணும்னா சீட்டு குலுக்கித்தான் எடுப்பாங்க மேடம். பூவா இருந்தா இன்னா, சீட்டா இருந்தா இன்னா. நான் வாசல்ல நின்னுக்கறேன்" என்றார்.

கற்பூரம் காட்டினார்கள். தர்மகர்த்தா கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, பெட்டி ஏரிக்கரை பால்வாடிக்கு வரலாமா?" என்று உரக்கக் கேட்டார். பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தார்கள். சிவப்பு. பெட்டி கோயில் பால்வாடிக்கு என்று ஆயிற்று. ஏரிக்கரை டீச்சர் வாசலில் இருந்தபடியே, "செரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். டைரக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த மாதம் முடிவதற்குள் தொல்லை ஆரம்பித்தது. டைரக்டரின் புத்தகம் பெட்டி கிடையாது என்று சொல்லியிருந்தால் தாய்மார்கள் புத்தகத்தைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே கிடையாது என்று சொன்னது அம்மன். அந்த இடத்தில் படிப்பு ஏறாது என்று அம்மனே வாக்குக் கொடுத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. கொஞ்சம் வசதியுள்ள வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை மனைக்கல் நட்ட வயல் வழியாகக் கோயில் பால்வாடிக்கு அழைத்துப் போக ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். ஒவ்வொரு முறை நான் போகும்போதும் ஏரிக்கரைப் பால்வாடியில் பாய் காலியாகிக்கொண்டே வந்தது. கோயில் பால்வாடியில் பிள்ளைகள் உட்கார இடமில்லாமல் வாசற்படியில் மரமணி கோத்தார்கள்.

இருபது பிள்ளைகளுக்குக் கீழே போனால் பால்வாடியை மூடிவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. பொங்கல் கழிந்ததும் சங்கத்தின் மேற்பார்வையாளர் வந்து தலை எண்ணுவார். ஏரிக்கரை டீச்சருக்கு அந்தச் சம்பளம்தான் வீட்டில் மாதா மாதம் தவறாமல் வருகிற ஒரே பணம். அதைவிட, அது அவருடைய பால்வாடி. சங்கம் வருவதற்கு முன்னாலேயே அவர் அங்கே பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தவர். வீடு வீடாக சிமெண்ட் கேட்டு வாங்கித் தரை போட்டவர். மிச்சம் இருந்த பிள்ளைகள் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் விடிவதற்கு முன் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளையை நெடுந்தூரம் கொண்டுபோய் விட நேரம் இல்லாதவர்கள். பால்வாடி மூடினால் அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அக்காக்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவார்கள். இது எல்லோருக்கும் தெரியும்.

நான் டைரக்டரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, கவலைப்படாதே, நம் ஆய்வுக்கு ஒன்றும் ஆகாது என்றார். பூ எந்தப் பக்கம் விழுந்ததோ அதுதான் கணக்கு. இடம் மாறிப்போன பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தாலும் நம் தாளில் ஏரிக்கரைப் பிள்ளைதான். மாறிப்போனவர்களைக் கோயில் பக்கம் சேர்த்தால், அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்து, அந்த அக்கறைக்கும் பெட்டியே பெயர் வாங்கிக்கொள்ளும். அவர் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். அதனால்தான் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எங்கள் தாளில் ஏரிக்கரைப் பால்வாடி நிரம்பி வழிந்தது. அங்கே நேரில் போனால் டீச்சர் ஒரு பெரிய குண்டானில் கொஞ்சூண்டு கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அன்றைக்கு அம்மனிடம் கேட்டது என்ன? பெட்டி வரலாமா என்றுதான். பிள்ளைகள் வரலாமா என்று யாரும் கேட்கவில்லையே. எங்கள் தொழிலில் கேள்வியை மாற்றினால் விடை மாறும். அதே கேள்வியை மறுபடி கேட்பதுதான் கோயிலில் தப்பு, புதுக் கேள்வி கேட்கலாம். எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. நேரே ஏரிக்கரைக்குப் போய், இன்னொரு தரம் பூப் போட்டுப் பார்ப்போம், பிள்ளைகள் இங்கேயே இருக்கலாமா என்று கேட்போம், வெள்ளை வந்தால் மொத்த ஊரும் திரும்பி வந்துவிடும் என்றேன்.

டீச்சர் கரண்டியை நிறுத்தவில்லை. "மறுபடி செவப்பு வந்தா?"

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு டீச்சர்."

"அதான் கேக்கறேன். செவப்பு வந்தா?"

நான் குண்டானுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"எது வந்தாலும் செரின்னு கீறவங்கதான் மேடம் பூ பாக்கணும். ரெண்டு எடத்துல பொண்ணு பாத்துட்டு, ரெண்டும் தேவலன்னு முழிச்சிகினு கீறவன் பாக்கட்டும். எனக்கு செவப்பு வந்தா செரி கெடையாது. அப்பறம் இன்னாத்துக்கு நான் பூ பாக்கணும்?" அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குண்டானை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "உங்க ஆபீஸுக்கு எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?"

அடுத்த வாரம் ஒரு காலை, வாசலில் காவல்காரர் யாரிடமோ வாக்குவாதம் செய்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஏரிக்கரைப் பால்வாடி மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. டீச்சர், அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்த இரண்டு அம்மாக்கள், மிச்சமிருந்த எல்லாப் பிள்ளைகள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏற்றி அழைத்து வந்திருந்தார்கள். ரயிலையே அப்போதுதான் முதல் முதலாகப் பார்த்த பிள்ளைகளுக்கு எங்கள் ஆபீஸ் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. டைரக்டர் அறைக்குள் போனதும் ஒன்று சுழல் நாற்காலியில் ஏறியது. ஒன்று கண்ணாடிக் குண்டைப் பேப்பர் மேலிருந்து எடுத்து நக்கிப் பார்த்தது. இன்னொன்று மூலையில் தன் காரியத்தை முடித்துவிட்டது. நான் துடைப்பம் தேடினேன்.

டைரக்டர் எழுந்து நின்றார். "அம்மா, இது நான் எடுத்த முடிவு இல்லை. உங்களுக்கே தெரியும்" என்றார்.

"தெரியும் சார். அதுக்குத்தான வந்தோம், நீங்க முடிவு எடுங்கன்னு. பூ வாணாம், புக்கு வாணாம். இதுங்க மூஞ்சியப் பாத்து, உனக்குக் கெடையாது, உனக்குக் கெடையாதுன்னு ஒவ்வொண்ணுகிட்டயா சொல்லிடுங்க. நான் பேசாம இட்டுகினு போயிடறேன்."

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவர் நிஜமாகவே சொல்லப் பார்த்தார் என்று நினைக்கிறேன். முதலில் நின்ற பிள்ளையின் எதிரே குனிந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், "உன் பேர் என்ன?" என்று கேட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. பிள்ளை பேரைச் சொன்னது. அதோடு நிறுத்தாமல் பக்கத்தில் நின்ற தம்பியின் பேரையும் சொன்னது. எங்கள் தாள்களில் பிள்ளைகளுக்குப் பேர் கிடையாது, எண்தான். அவர் நிமிர்ந்தார். பிறகு போய் பீரோவைத் திறந்து, உபரியாக வைத்திருந்த ஒரு பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். அந்த மனிதர் மேல் எனக்கு முதல் முறையாகப் பிரியம் வந்தது.

பெட்டியை ரயிலில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செய்தி எங்களுக்கு முன்னாலேயே முடிச்சூர் போய்விட்டது. பெட்டி வந்தாயிற்று என்று தெரிந்ததும், போன பிள்ளைகள் ஒவ்வொன்றாக வயல் வழியே திரும்பின. அம்மனுக்கு மனசு இளகிவிட்டது என்று தர்மகர்த்தா எல்லோரிடமும் சொன்னார், அதனால் கோயிலுக்கும் குறைச்சல் இல்லாமல் போயிற்று. பொங்கல் கழிந்து மேற்பார்வையாளர் வந்தார், தலைகளை எண்ணினார், கஞ்சியை ருசி பார்த்தார், போய்விட்டார். பால்வாடி மூடவில்லை.

இரண்டு பக்கமும் பெட்டி வந்துவிட்டதால் எங்கள் ஆய்வில்தான் ஒரு ஜோடி காணாமல் போயிற்று. பெட்டி கிடைக்காத மற்ற மூன்று பால்வாடிகளிலிருந்து யாரும் ரயிலேறி வரவில்லை என்பதால் அவர்களுக்கு வருஷக் கடைசியில்தான் பெட்டி போனது. மிச்சமிருந்த ஜோடிகளை வைத்துக் கணக்குப் போட்டதில், பெட்டி உள்ள பக்கம் கொஞ்சம் மேல், ஆனால் உறுதியாகச் சொல்ல இயலாது என்று வந்தது. இவ்வளவு பாடுபட்டு, இதைச் சொல்வதற்கு ஒரு கெட்டி அட்டை போட்ட அறிக்கை. டைரக்டர் சொல்லச் சொல்ல நான்தான் ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். ஏரிக்கரை பற்றி ஒரே ஒரு வரி வந்தது. அதை மாற்றலாமா சார் என்று கேட்டேன். அப்படித்தான் எழுதுவார்கள் என்றார்.

அறிக்கை அச்சாகி வந்தபோது தொண்ணூறுகள் பிறந்துவிட்டன. நான் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். டீச்சர் அதை வாங்கி, கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "எங்க பால்வாடி எங்க வருது?" என்று கேட்டார். பக்கத்தைக் காட்டினேன். "தமிழ்ல சொல்லுங்க" என்றார்.

"ஒரு மையம் ஆய்விலிருந்து விலகிக்கொண்டது."

அவர் என் விரல் இருந்த இடத்தில் தம் விரலை வைத்தார்.

"எங்க மேடம் வெலகினோம்?" என்றார். "நாங்கதான வந்தோம்."